ஒன்பதாம் வகுப்பு நகர்மன்றம்

ஜூலை 4, செவ்வாய்

குடிமையியல் வகுப்பில் இன்று மாதிரி நகர்மன்றத்தின் இரண்டாம் அமர்வு. பேருந்து நிலையத்தை ஒட்டிய காலியிடத்தில் வண்டி நிறுத்துமிடமா, விளையாட்டுத் திடலா என்று விவாதம். பிள்ளைகளில் சிலர் உறுப்பினர்கள், சிலர் கடைக்காரர்கள், மற்றவர்கள் குடியிருப்போர். அவைத்தலைவர் நான். ஒரு மாணவரை உட்கார வைத்திருக்கலாம்தான். கூச்சல் கிளம்பினால்? அடுத்த அறையில் கணக்கு ஆசிரியர் இருக்கிறார். வகுப்பே 'ரேடியோ' என்று கூப்பிடும் பையன் இன்று மேசையைத் தட்டினான். உடனே மணியடித்து அவையை ஒத்திவைத்தேன். போன முறையும் அப்படியேதான். பயந்தாங்கொள்ளி நான்.

ஜூலை 6, வியாழன்

தலைமையாசிரியை அழைத்தார். விடுப்பில் போன ஆசிரியைக்குப் பதிலாக வந்தவன் நான். கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் மரியாதையாகத்தான் பேசினார்.

"நாடகம் எல்லாம் சரிங்க சார். பாடம் ஏறுதா? அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன். சரிப்படலைன்னா புத்தகத்தையே நடத்திடுங்க."

சரி என்றேன். வேறென்ன சொல்வேன்?

ஜூலை 11, செவ்வாய்

என்னை நீக்கிவிட்டார்கள்.

மூன்றாம் அமர்விலும் சத்தம். நான் மணியைத் தொட்டதும் கடைசி வரிசைப் பெண் எழுந்தாள். அதுவரை வாயே திறக்காதவள்.

"சார், இதுவரைக்கும் ஒரு ஓட்டெடுப்புகூட நடக்கலை. சண்டை வந்தாலே ஒத்திவைக்கிறீங்க. உங்க மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வர்றேன்."

தலைவர்மீது தீர்மானம் வந்தால் அவர் தலைமை வகிக்கக் கூடாது என்று விதி எழுதியதே நான். வரி வரியாக, எடுத்துக்காட்டுடன் விளக்கியதும் நான். இறங்கினேன். ரேடியோவைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள். அவன் நடுநிலையாம். "பாவம்டா, வயசானவரு" என்று பக்கத்துப் பையனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதுதான் அதிகம் சுட்டது.

அந்தப் பெண்ணையே தலைவராக்கினார்கள்.

ஜூலை 12, புதன்

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? வகுப்பை அடக்கத் தெரியாதவன் என்றுதானே? முன்னறிவிப்பு இல்லாத தீர்மானம் செல்லாது என்று சொல்லிவிடலாமா? விதியில் இடமிருக்கிறது.

மனைவியிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"ஓட்டுப் போட்டு இறக்கிட்டாங்கல்ல? அப்புறம் என்ன, நாற்காலியைத் தூக்கிட்டு ஓடப் போறீங்களா?"

"எனக்கு அவமானமா இல்லையா?"

"நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தானே செஞ்சாங்க. இருங்க, வீட்டுலயும் ஒரு தீர்மானம் கொண்டு வர்றேன்."

சிரிப்பு வந்துவிட்டது. அந்த விதியைக் கையில் எடுக்கப் போவதில்லை.

ஜூலை 14, வெள்ளி

கடைசி பெஞ்சில், பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்தேன். தலைமையாசிரியை வந்து தலைவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைத் தேடினார், என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

கூச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பெண் மணியைத் தொடவே இல்லை. "ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவங்க. ரேடியோ, உன் முறை வரும், உட்காரு." உட்கார்ந்தான்! கதவைத் திறந்தார் கணக்கு ஆசிரியர். "என்ன இங்க சந்தைக்கடை?"

"சார், நீங்க குடியிருப்போரா, கடைக்காரரா? புகார்னா மனுவா கொடுங்க, அடுத்து எடுத்துக்கறோம்" என்றாள் அந்தப் பெண்.

அவர் திகைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். ஓட்டெடுப்பு நடந்தது. திடல் வென்றது. தோற்ற ரேடியோ, மாலையில் மட்டும் பாதியிடத்தில் வண்டி விடலாம் என்று திருத்தம் கொண்டுவர நேரம் கேட்டான்.

வாசலில் தலைமையாசிரியை கேட்டார்: "இன்னைக்கு நீங்க என்ன சார் செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலைங்க." உண்மை அதுதானே.

"அதையே வருஷம் முழுக்கச் செய்யுங்க."

ஜூலை 18, செவ்வாய்

ரேடியோவின் திருத்தம் எனக்குச் சரியாகப் படவில்லை. குடியிருப்போர் தரப்பில் கை தூக்கினேன். எனக்கு முன்னால் நான்கு பேர், காத்திருந்தேன். என் முறை வந்தபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "நேரம் முடிஞ்சது, உட்காருங்க" என்றார் தலைவர்.

இன்னும் ஒரு வாதம் பாக்கி இருக்கிறது. வியாழக்கிழமை முதலில் கை தூக்க வேண்டும்.