கூப்பிடாத பேய்

16.6.2025, திங்கள்

பள்ளி நூலகத்துக்கு யாரோ இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பழைய நாவல்கள் கொடுத்திருக்கிறார்கள். லத்தீஃபா மிஸ் என்னை எண் போடச் சொன்னார். நான்காவதாகக் கையில் வந்தது கோடியக்கரை சாரங்கனின் ‘சேற்றுத் தடம்’. அட்டையில் அதே சிவப்புக் கண். கை நழுவிக் கீழே போட்டுவிட்டேன்.

“என்னடி, பூரான் கீரான் இருக்கா?” என்றார் மிஸ்.

“இல்ல மிஸ்.”

எண் போடாமல் பெட்டிக்கு அடியில் திணித்துவிட்டு வந்தேன்.

17.6.2025

எழுதிவிடுகிறேன். நான்கு வருடமாக எழுதாதது.

கொரோனாவுக்காகப் பள்ளியை மூடியிருந்தபோது நான் ஏழாம் வகுப்பு. சாரங்கனைவிடப் பெரிய எழுத்தாளர் உலகத்திலேயே இல்லை என்று நினைத்திருந்தேன். பதினொரு பேய் நாவல் வைத்திருந்தேன். படித்ததையெல்லாம் என் சிநேகிதி குந்தவையிடம் சொல்வேன். ‘சேற்றுத் தடம்’ சொல்லி ஒரு வாரம் இருக்கும்.

குறுவை உழவு நேரம், நடு மத்தியானம். அவள் அப்பா பக்கிரி மாமா வயலில் தனியாகப் பவர் டில்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். குந்தவை சோறு எடுத்துக்கொண்டு வரப்பில் போகிறாள். “குந்தவே” என்று ஒரு குரல். ஆள் தெரியவில்லை. திரும்பவும் ஒருமுறை. அவ்வளவுதான். தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

உச்சி வெயிலில் வயல்பேய் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஆனால் இரண்டு தடவைதான் கூப்பிட முடியும். மூன்றாவது தடவையும் கேட்டால் அது மனுஷக் குரல். இது சாரங்கன் கதையில் வரும் விதி.

மாமாவின் கால் டில்லரின் இரும்புச் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. சேற்றோடு சேறாகக் கிடந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. உர மூட்டை ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்த அப்துல் வஹாப் அண்ணன்தான் அரைமணி கழித்துப் பார்த்தார். வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

அவள் ஓடியதை மாமா பார்த்திருக்கிறார். ஆள் கூட்டிவரத்தான் ஓடினாள், அவள் சொல்லித்தான் அண்ணன் வந்தார் என்று நினைத்துக்கொண்டார். இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எம்பொண்ணு மட்டும் அன்னிக்கு ஓடலேன்னா நான் இல்லீங்க” என்பார். குந்தவை எழுந்து உள்ளே போய்விடுவாள்.

உண்மையை என்னிடம் மட்டும் சொன்னாள். “எல்லாம் அந்தாளு எழுதினதாலதான்டி” என்று நான்தான் சொன்னேன். இருவருமாகப் பதினொரு புத்தகத்தையும் வாய்க்காலில் விட்டோம்.

19.6.2025

‘சேற்றுத் தடம்’ என் பையில் இருக்கிறது. பதிவேட்டில் எழுதாமல் எடுத்து வந்தேன். ஏன் எடுத்தேன்? திட்டுவதற்காகத்தான்.

முதல் ஐம்பது பக்கத்தில் கதாநாயகனுக்கு ஒன்பது தடவை மயிர்க்கூச்செறிகிறது. பாவம், அவன் உடம்பு என்னத்துக்கு ஆகும். ஆனால் ஈரச் சேற்றில் பதிந்த குதிகால், வெயில் ஏற ஏற ஓரம் வெடித்து, கடைசியில் யார் கால் என்றே தெரியாமல் போவதை ஒரு பத்தியில் எழுதியிருக்கிறார். அதை மூன்று முறை படித்தேன். பிடித்திருந்தது. பிடித்திருக்கலாமா?

20.6.2025

இன்னும் நாற்பது பக்கம். அந்த விதி வரவில்லை.

21.6.2025, சனி

முடித்துவிட்டேன். வரவே இல்லை.

முதல் பக்கத்திலிருந்து மறுபடி விரலால் ஓட்டிப் பார்த்தேன். இந்தக் கதையில் பேய் பேசுவதே இல்லை. அது ஊமை. உயிரோடு இருந்தபோதே ஊமையான பெண். தடம் மட்டும்தான் வரும், குரல் கிடையாது. அறுபத்திரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்.

வேறு நாவலில் வந்ததோ? இல்லை. ஞாபகம் வந்துவிட்டது. களத்துமேட்டில் உட்கார்ந்து நான் கதையை முடித்ததும் குந்தவை சொன்னாள், “அவ்ளோதானா? வெறும் காலடிதானா? இதுக்கு எங்க வீட்டுப் பூனையே பரவால்ல.” எனக்கு ரோஷம். “இரு, இன்னும் முடியல” என்றேன். அந்த இடத்திலேயே நானே யோசித்து, குரலைக் கொடுத்தேன். ரெண்டு தடவை, மூணு தடவை எல்லாம் நான்.

ஐயோ. நான்தானா.

22.6.2025

யாருக்கும் தெரியாது. புத்தகத்தைப் பெட்டிக்கு அடியிலேயே வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குந்தவை இனிமேல் பேய்க்கதை தொடமாட்டாள்.

இதை எழுதும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. சாரங்கன் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. அவர் எழுதாத ஒரு வரிக்காக நான்கு வருடம் அவரைத் திட்டியிருக்கிறேன்.

25.6.2025, புதன்

சொல்லிவிட்டேன். மதியம், கைகழுவும் குழாய்க்குப் பின்னால். அறுபத்திரண்டாம் பக்கத்தையும் காட்டினேன்.

குந்தவை படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

“அப்போ புக்ல இல்லியா?”

“இல்லடி. நானா சொன்னது.”

“ஒன்ன நம்பித்தானேடி ஓடினேன்.”

அடித்திருந்தால் பரவாயில்லை. புத்தகத்தை மூடி, அட்டையில் பட்ட தண்ணீரைப் பாவாடையில் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

26.6.2025

குந்தவை எனக்காக நிற்காமல் தனியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

28.6.2025

‘சேற்றுத் தடம்’ பதிவேட்டில் ஏறிவிட்டது. எண் 4117. சொல்லாமல் எடுத்துப் போனதை மிஸ்ஸிடம் சொன்னேன். “படிக்கத்தானே எடுத்த?” என்றார்.

சாயங்காலம் குந்தவை போன் செய்தாள். “நாளைக்கு வீட்டுக்கு வா. அப்பாட்ட சொல்லப் போறேன். நீ பக்கத்துல இருக்கணும்.” வைத்துவிட்டாள்.

29.6.2025, ஞாயிறு

“வாம்மா செம்மொழி! எங்க வீட்டுக்கு வழியெல்லாம் மறந்துபோச்சாக்கும்” என்றார் மாமா. எனக்கு நாற்காலி போடச் சொன்னார். இவ நல்லா படிக்கிறாளா என்று கேட்டவர், அப்படியே வழக்கம்போல அந்தப் பேச்சுக்கு வந்தார். அன்னிக்கு மட்டும் இவ ஓடலேன்னா...

“ஆள் கூப்புட ஓடலப்பா” என்றாள் குந்தவை. “பேய்னு நெனச்சு ஓடிட்டேன்.”

“நான்தான் மாமா அவள்ட்ட அப்படி ஒரு கதை சொன்னேன். நானா கட்டிவிட்டது” என்றேன். மீதியையும் சொன்னேன்.

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். “ஏண்டி, பெத்த அப்பன் கொரலு ஒனக்குப் பேய் மாதிரியா இருந்துச்சு?”

நாங்கள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். எனக்கும் சேர்த்துச் சோறு போடச் சொன்னார். கத்தரிக்காய்க் கொத்சு. பாதிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“எத்தன தடவ கூப்புட்டேன்?”

“ரெண்டுப்பா.”

“நெறைய கூப்புட்டேனே.” கொஞ்சம் யோசித்தார். “சத்தம் வெளிய வரல போலருக்கு.”

நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். குந்தவை எனக்கு மோர் ஊற்றினாள்.

4.7.2025, வெள்ளி

பள்ளி விட்டு வரும்போது குந்தவை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். மாமா வேலை பார்க்கும் உரக்கடைக்கு நேற்று வெளியூர்க்காரர் ஒருவர் வந்திருக்கிறார். காலைப் பார்த்து, என்ன ஆச்சு என்று விசாரித்திருக்கிறார். மாமா “டில்லர்ல மாட்டிக்கிச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு மூட்டையை எண்ணப் போய்விட்டாராம்.

“எந்திரிச்சு உள்ள ஓட வேண்டாம் இனிமே. நிம்மதியா இருக்குடி” என்றாள்.

பாலம் தாண்டியதும் சைக்கிளை நிறுத்தினாள்.

“ஆனா அவர் ‘எம்பொண்ணு மட்டும் ஓடலேன்னா’ன்னு சொல்லும்போது மூஞ்சி அவ்ளோ நல்லா இருக்கும்ல” என்றாள்.