நான்கில் நின்ற முள்

செவ்வாய், 14. காலையில் சாரல். பிறகு காற்று.

இன்று லேபில் சொல்லாதது: காற்றுத் தொட்டியின் அழுத்தமானி முள் ஏழிலிருந்து இறங்கும்போது நான்கிலேயே நின்றுவிட்டது. வால்வைத் திறந்து, காற்று முழுக்கச் சீறி அடங்கிய பிறகும் நான்கு. எங்கள் குழுவில் நால்வரும் பார்த்தோம். ஷைனி நகத்தால் தட்டினாள். அசைவில்லை. மேடத்திடம் சொல்லலாம் என்றேன். அவள்:

"சும்மா இரிட்டி. சொன்னா மறுபடியும் மொதல்லேர்ந்து எடுக்கச் சொல்லுவாவ. எனக்குக் காலு கடுக்குது."

சீனியர் ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதினோம். நாசில் என்ற குறுகும் குழாயில் அழுத்தம் விழும் வளைவு அழகாக வந்தது. மேடம் கையெழுத்து. "வெரி குட்."

இரவு சாளை மீன் கறி. பாதியிலேயே எழுந்தேன்.

புதன், 15. வெயில்.

குடை லேபிலேயே கிடக்கிறது. அதிர்வலைப் பாடம், இரண்டு கணக்கு. ஒலியை மிஞ்சி வருவதைப் பற்றி முன்னால் இருக்கும் காற்றுக்குச் செய்தி போகாதாம். செய்தி ஒலியின் வேகத்தில்; வருவது அதைவிட வேகம். புத்தகத்தை மூடிவிட்டேன்.

தொட்டியில் காற்றை அடைக்கும் கம்ப்ரஸர் தானாக நிற்காது, அந்த சுவிட்ச் கெட்டு நாளாயிற்று. முள் ஏழைத் தொட்டதும் லேப் உதவியாளர் தாசன் அண்ணன் கையால் அணைப்பார். நாளை அடுத்த பேட்ச். முள் நான்கைத் தாண்டாது. அவர் ஏழுக்காகக் காத்திருப்பார், உள்ளே காற்று ஏறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரம்?

பயங்கள்:
1. தொட்டி
2. மேடம்
3. ஷைனி

உண்மையில் மூன்றாவதுதான் முதலில் வருகிறது. வெட்கம்.

ஷைனிக்கு போன். "ஒனக்கு வெப்ராளம் மக்கா, வெறும் பயம். அண்ணன் அதோடயே கெடக்காரு, அவருக்குத் தெரியாதா?" வைத்துவிட்டாள்.

நூலக நாவல், நாற்பது பக்கம். ஒரு வரிகூட நினைவில்லை.

வியாழன், 16. காற்று.

இரணியலில் ரயில் தாமதம். லேபுக்கு ஓடினேன். கம்ப்ரஸர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமான சத்தமில்லை, முக்கல். தாசன் அண்ணன் முள்ளையே பார்த்தபடி. ஒருத்தி தொட்டியில் சாய்ந்து பின்னலைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மெயின் சுவிட்சை நானே அணைத்தேன்.

"ஏ பிள்ளே, கிறுக்கா ஒனக்கு? நாலுதான ஆயிருக்கு!"

"செவ்வாக்கெழமையும் நாலுலதாண்ணே நின்னுது. காத்தே இல்லாதப்பவும்."

அவர் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு வால்வைத் திறந்தார். நெடுநேரம் சீறியது. முள், நான்கு.

அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்க வேண்டிய பாதுகாப்பு வால்வைக் கழற்றினார்கள். துருவேறி, மூடியபடியே இறுகியிருந்தது.

ரெக்கார்டைப் பற்றியும் மேடத்திடம் சொன்னேன். அந்தச் சோதனைக்கு நால்வருக்கும் மதிப்பெண் இல்லை. மாலையில் ஷைனி வேறு பெட்டியில் ஏறினாள்.