டிகிரிக்குச் சமம்

மார்ச் 3, 2025, திங்கள்

ஷூ கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் வேலை காலி. மூன்று வருஷமாக அந்த வேலையைப் பார்ப்பது நான், சம்பளப் பட்டியலில் மட்டும் செக்யூரிட்டி. ராணுவம் கொடுத்த சர்டிபிகேட்டை மேனேஜர் சத்தார் பாயிடம் நீட்டினேன். பதினேழு வருஷ சர்வீஸ் பட்டப்படிப்புக்குச் சமம் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

"இது மிலிட்டரி கணக்கு, பரந்தாமன். ஷூ வாங்குற வெளிநாட்டுக்காரன் காலேஜ் டிகிரிதான் கேக்குறான்."

சியாச்சின்ல எவன் கேட்டான் டிகிரி?

மார்ச் 5, புதன்

வேலை ஹம்மாதுக்கு. பி.காம்., இருபத்துமூன்று வயது. தீயணைப்பு சிலிண்டரின் பின்னை எப்படிப் பிடுங்குவது என்று என்னிடமே வந்து கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். நல்ல பையன், அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

மார்ச் 18, செவ்வாய்

இன்று வெளிநாட்டுக்காரர்களின் சேஃப்டி ஆடிட், தீ ஒத்திகையோடு. நான் கேட்டை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சைரன் அடித்தது. ஸ்டிச்சிங் பெண்கள் வெளியே வந்து வரிசையில் நின்றார்கள். ஹம்மாத் கடிகாரத்தைப் பார்த்து, "முடிஞ்சது" என்றான்.

எண்ணவே இல்லை!

ராணுவத்தில் கின்தி முடியாமல் எதுவும் முடியாது. தலை எண்ணுவதற்கு அங்கே அதுதான் பெயர். என்னால் நிற்க முடியவில்லை. ஓடிப்போய் எண்ணினேன். 411. காலையில் உள்ளே விட்டது 412. பாத்ரூமில் தாழ்ப்பாள் சிக்கி ஸ்டிச்சிங் பெண் முபஷ்ஷிரா கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். உடைத்துக் கூட்டி வந்தேன்.

ஆடிட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையாவது நல்லதாகச் சொல்வார் என்று நினைத்தேன்.

மார்ச் 19, புதன்

அவர் எழுதியது: 'தகுதியற்ற நபர் ஒத்திகையில் தலையிட்டார்.'

தகுதியற்ற நபர். நான்.

இனி கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு. நெஜமா தீ புடிச்சிருந்தா? அந்தப் பொண்ணோட பொணத்துக்கிட்ட எந்த டிகிரிய காட்டுவானுங்க?

சாயங்காலம் முபஷ்ஷிரா கேட்டில் நின்றாள். "நீங்க எண்ணலன்னா இன்னா ஆயிருப்பேன், அண்ணா?"

மார்ச் 20, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. மனைவி யோகலட்சுமிக்கே பொறுக்கவில்லை. "எத்தினி நாளு இப்படி பேஜாராவுறீங்க? அவங்க கேக்குற காகிதத்த வாங்கி மூஞ்சில வீசுங்க" என்றாள்.

நாற்பத்திரண்டு வயதிலா?

ஜூலை 5, சனி

தபால் வழி பி.ஏ. சேர காட்பாடி போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் காகிதங்களைப் புரட்டி, ராணுவ சர்டிபிகேட்டில் நின்றாள்.

"சார், இது டிகிரிக்கு சமம்னு கவர்மெண்டே குடுத்திருக்கு. மறுபடியும் எதுக்கு படிக்கிறீங்க?"

சிரிப்பதா, மேசையைப் புரட்டுவதா? அவள் மேல் என்ன தப்பு. சர்டிபிகேட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டை நீட்டினேன்.

பாரத்தில் 'ஏற்கனவே பெற்ற தகுதி' என்று ஒரு கட்டம். பதினேழு வருஷம். பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு 'பிளஸ் டூ' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.