சாம்பிராணி குடித்த ஏர்கான்

அண்ணே,

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பத்து நாள் முன்னால் என் வீட்டு ஏர்கானைக் கழற்றினார்கள். கழற்றியதுதான் கழற்றினோம், கழுவிவிடுவோம் என்று புது மெக்கானிக் பின்சந்தில் வைத்துத் தண்ணீரைப் பீச்சினார். வழிந்ததெல்லாம் மை மாதிரி கறுப்பு. குப்பென்று ஒரு வாசனை. சாம்பிராணி. அங்கேயே குந்திவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள்தான் இல்லையே.

ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரரிடம் பழசாக வாங்கிய மெஷின் அது. கீழே பூக்கடை, மேலே வீடு. சிராங்கூன் ரோட்டில் எங்கள் வரிசைக்கே முதல் ஏர்கான். நீங்கள்தான் சுவரை உடைத்து மாட்டினீர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் என் மனைவி சாம்பிராணித் தட்டை அதன் முன்னால் தூக்கிப் பிடிப்பாள். அது உள்ளே இழுத்து வீடெல்லாம் மணக்கவிடும். எங்கள் மெஷினுக்குப் பக்தி அதிகம் என்று வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

ஆறே மாதத்தில் உள்ளே பனிக்கட்டி பிடித்தது. காற்று வராது, தண்ணீர் மட்டும் மெத்தையில் சொட்டும். நீங்கள் வந்து, நிறுத்தி உருகவிட்டு, வலையைக் கழுவி, கேஸ் பார்ப்பீர்கள். ஒரே வாரத்தில் மறுபடியும் பனிக்கட்டி. நாலாவது தடவை டார்ச் அடித்துப் பார்த்தீர்கள்.

"முன்னால சுத்தமா இருக்கு, தம்பி. பின்வரிசைத் தகடுல என்னமோ அடைச்சிருக்கு. மூச்சு முட்டினா எந்த மெஷினும் உறைஞ்சு போகும். ரெண்டு நாள் கழட்டித் தாங்க."

"கழட்டறதா? சுவத்துல ஓட்டையப் பாத்தா, வித்துத் தின்னுட்டான்னு தெருவே பேசும் லா!"

"வீட்ல புகை ஏதும் உண்டா?"

"நான் பீடிகூடப் பிடிக்கிறதில்லையே, அண்ணே."

சத்தியமாகச் சொல்கிறேன், சாம்பிராணியைப் புகை என்று நான் நினைத்ததே இல்லை.

அத்தோடு விட்டேனா? மறுநாள் நீங்கள் காப்பிக்கடைக்குள் நுழைந்ததும், "வாங்க ஐஸ்கட்டி அண்ணே! இவர் கை வச்ச ஏர்கான்ல ஐஸ் கச்சாங் விக்கலாம்!" என்றேன். கடையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

பெயர் ஒட்டிக்கொண்டது. ஏர்கான் வைத்திருந்த நகைக்கடைக்காரர்கள் உங்களைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஸ்பேனர் பெட்டியை விற்றுவிட்டுத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனீர்கள். அங்கேதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். மூட்டை சுமக்கிற உடம்பா அண்ணே அது? என் மெஷினோ இத்தனை வருஷமும் ஓடாமல் சுவரில் அழகுக்கு நின்றது.

அன்றைக்குப் பின்சந்திலிருந்து எழுந்து, ஈர வேட்டியோடு காப்பிக்கடைக்கு ஓடினேன். உங்கள் பெயரைச் சொன்னேன். "யாரு அது?" என்றார்கள். ஐஸ்கட்டி என்றதும்தான் தெரிந்தது. அவர் மேல் தப்பே இல்லை, கெடுத்தவன் நான்தான் என்றேன். சிரித்தார்கள்.

"இன்னிக்குப் புதுக் கதையா?" என்றார் கடைக்காரர்.

அழுதேன். "பாரேன், என்னமா நடிக்கிறாரு!" என்று அதற்கும் சிரித்தார்கள்.

மெஷினை மறுபடி மாட்டி ஒரு வாரமாயிற்று. ஒரு பொட்டுப் பனி பிடிக்கவில்லை. அதன் முன்னால் என்னால் உட்கார முடியவில்லை. உங்கள் நிஜப்பெயர் இந்தத் தெருவில் இனி என் ஒருவன் வாயில்தான் இருக்கிறது. அந்த வாயைத்தான் யாரும் நம்புவதில்லை.