கம்பிக்கு உள்ளே ஓர் அப்பா

ஜூன் 4, வியாழன்
மகள் நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஆறாவது கதைப் புத்தகம். இதிலும் பதிமூன்று வயதுப் பெண், குகை, இருட்டு, பயம். அப்பனை மட்டும் காணோம். முதல் பக்கத்திலேயே கப்பலேறிவிட்டான். போன புத்தகத்தில் செத்தே போனான்.
“ஏம்மா, ஒரு கதையிலயும் அப்பனை விட்டு வைக்க மாட்டாங்களா?”
“அப்பா இருந்தா கதை நகராதுப்பா.”
கிரில் கேட் செய்து பிழைப்பவனிடம் சொல்கிற பேச்சா இது?

ஜூன் 6, சனி
நூலகத்துக்கு இனி தனியாகப் போவாளாம். நடுவில் அந்தப் பெரிய ரோடு. சரி என்றேன். சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன், முகத்தை மறைக்கக் குடை பிடித்து. மழை இல்லை.
ரோட்டோரம் நின்றாள். கால் வைத்தாள், எடுத்தாள். கால் மணி நேரம். என்னால முடியல. ஓடிப்போய்க் கையைப் பிடிச்சுட்டேன்.
“இப்பதான் தாண்டப் போனேன். கெடுத்துட்டீங்க!” ரோட்டோரத்திலேயே அழுதாள்.

ஜூன் 9
மகள் என்னோடு பேசவில்லை.

ஜூன் 11
“அவருக்கு உப்பு வேணுமான்னு கேளும்மா” என்கிறாள் அம்மாவிடம். அவராம்!
மனைவிக்கு ஒரே சிரிப்பு. “ஊர் ஜன்னலுக்கெல்லாம் கம்பி அடிச்சது போதாதுன்னு பிள்ளை காலுக்கும் அளவெடுக்கறீங்க.”
மகளுக்கு ரோட்டைப் பார்த்துப் பயம். எனக்கு? தாண்டிவிடுவாளோ என்றா?

ஜூன் 13, சனி
மனைவி தன் சாவியோடு வேலைக்குப் போனதும் என் சாவியை மகளிடம் நீட்டினேன். “என்னை உள்ள வச்சு வெளியில பூட்டிட்டு நூலகத்துக்குப் போ. இல்லேன்னா பின்னாலயே வந்துடுவேன்.”
ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். பூட்டினாள். இழுத்தும் பார்த்தாள். நான் கற்றுக்கொடுத்த பாடம்!
நானே வெல்டிங் அடித்த கேட். உலுக்கினேன், அசையவில்லை. திருடன் நுழைய முடியாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன். அப்பனும் வெளியே போக முடியாது.
எதிர்வீட்டு டெய்லர் பார்த்துவிட்டான். “என்னண்ணே, உள்ள தள்ளிட்டாங்களா?”
“பத்து மணிக்கு விட்டுடுவாங்க தம்பி.”
பத்தானது. பத்தரை. ஹாரன் சத்தம் கேட்டால் கம்பியில் முகத்தை வைத்துத் தெருவைப் பார்க்கிறேன். டெய்லரிடம் பூட்டை உடைக்கச் சொல்லட்டுமா? பதினொன்று. வேணாம்டா, உட்காரு.
பதினொன்றரைக்கு வந்தாள். கையில் ஏழாவது புத்தகம். “ரொம்ப நேரம் நின்னுட்டேன்பா. ஒரு லாரி வந்தப்ப நடுங்கிட்டேன். அப்புறம் போயிட்டேன்.”
கேட்டைத் திறந்துவிட்டாள். என்னால்தான் எழ முடியவில்லை, கால் மரத்துவிட்டது.

ஜூன் 20, சனி
வேலை சீக்கிரம் முடிந்து வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. என் சாவி இன்னும் மகளிடம்தான். அவள் நூலகத்தில். வெளிப்படியில் உட்கார்ந்தேன்.
“விடுதலையாண்ணே?” என்றான் டெய்லர்.
“விடுதலைதான். இப்ப உள்ளதான் விட மாட்டேங்கறாங்க.”
ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பெரிய ரோட்டுப் பக்கம் போகவே இல்லை. தெருமுனை வரைக்கும் போனேன். அது கணக்கில் வராது.