சாம்பல் நிறக் கம்பளிப் பை

பேர்கன், நோர்வே
12 ஏப்ரல் 2025

அன்புள்ள இல்மாவுக்கு,

நீயும் உன் கணவர் ஸியாத்தும் நலமா? கம்பளிப் பொதிக்குள்ளேயே இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். போன பொதியில் கடிதம் இல்லையென்று முறைப்பாடு செய்தாயே. புத்தளத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த நாளிலிருந்து உனக்கு முறைப்பாடுதான்.

சனிக்கிழமைச் சந்தையில் ஒரு பெண் நீ செய்த மஞ்சள் பையைத் தடவிப் பார்த்தாள். பிளாஸ்டிக் இல்லை, சாயம்கூட மஞ்சள் கிழங்குதான் என்று பெருமையடித்தேன். "கம்பளி எங்கிருந்து?" என்றாள். இந்த நாட்டுக் கம்பளிதான், புத்தளம் போய்ப் பையாகித் திரும்பி வருகிறது என்றேன். "ஆடு காணாத ஊரையெல்லாம் கம்பளி கண்டுவிட்டதே! இதில் சூழலுக்கு என்ன நன்மை?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அங்கே செம்மறியே இல்லையா?

உன் சுஜாந்தி


தில்லையடி, புத்தளம்
16 ஜூன் 2025

பிரியமுள்ள சுஜாந்தி,

நாங்கள் நலம். உன் கேள்விதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. இங்கே கனமூலைப் பக்கம் செம்மறி இருக்கிறது. அந்த மயிரை வாங்கி வந்து, வழக்கம்போலப் பன்பாயில் பரப்பி, சுடுதண்ணீரும் சவர்க்காரமும் ஊற்றி, சுருட்டி உருட்டினேன். நீ அனுப்பும் கம்பளியென்றால் அரை நாளில் இறுகித் தடித்த துணி மாதிரி ஆகிவிடும். இது விரித்த உடனே உதிர்ந்தது. வெயில் ஊர் ஆட்டுக்கு வெறும் மயிர்தான் வளரும் போலும். கற்பிட்டிக் கழுதையையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் கதையை மட்டும் கேட்காதே.

பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. குர்பானுக்கு, அதாவது அல்லாஹ்வுக்காக அறுத்துப் பங்கிட, ஸியாத் மலைநாட்டுப் பட்டியொன்றிலிருந்து செம்மறிக் கிடாய் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் சுருட்டை! அறுத்த பிறகு, தோலை மதரஸாவுக்குக் கொடுக்கும் முன், மயிரை முழுவதும் கத்தரித்து எடுத்துக்கொண்டேன். இறுகியது, சுஜாந்தி! ஒரு பை செய்துவிட்டேன். படம் போனில் வரும். சாயமே போடவில்லை, அந்தச் சாம்பல் நிறம் ஆட்டினுடையது.

இல்மா


பேர்கன்
29 ஜூன் 2025

என் கெட்டிக்கார இல்மா,

படத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன். இங்ரிட் என்று ஒருத்தி கைப்பைக் கடை வைத்திருக்கிறாள். இதுவரை நம் பைகளை ஏறெடுத்தும் பாராதவள், படத்தைக் கண்டதும் கதிரை போட்டு இருக்கச் சொன்னாள். செய்யும் நாட்டிலேயே கிடைத்த கம்பளி என்றால் எடுப்பாளாம். முதலில் இந்தப் பையை முன்கண்ணாடியில் வைத்து விற்பாள். விலை போனால், இனி நம் பைகளுக்கு அவள் கடையில் நிரந்தர இடம். நான் சனிக்கிழமைகளில் மழைக்குள் நிற்கவும் வேண்டாம். உடனே அனுப்பு.

சுஜாந்தி


தில்லையடி
14 ஜூலை 2025

பிரியமுள்ள சுஜாந்தி,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பையைப் பொதி கட்டிக்கொண்டிருந்தபோது ஸியாத் வந்தார். "இது விக்கிறதுக்கா?" என்றார். ஓம் என்றேன். "குர்பான்ட ஒண்டையும் விக்க ஏலாதே, இல்மா. தோல விக்காமத்தானே மதரஸாவுக்குக் குடுத்த? மயிருக்கு மட்டும் வேற சட்டமா?"

சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். பை, பை என்று அலைந்ததில் யோசிக்கவே இல்லை. மௌலவியிடமும் கேட்டோம். நாங்களே பாவிக்கலாம், அன்பளிப்பாகக் கொடுக்கலாம், விற்க முடியாது. அந்த மலைநாட்டுப் பட்டிக்காரரிடம் உயிரோடிருக்கும் ஆடுகளின் கம்பளி கேட்டேன். தை மாதம்தான் வெட்டுவாராம். இங்ரிட் அதுவரை பொறுப்பாளா?

இல்மா


பேர்கன்
1 ஓகஸ்ட் 2025

இல்மா,

பொறுக்கமாட்டாள். கேட்டுப் பார்த்துவிட்டேன். உங்கள் மார்க்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இது ஒரே ஒரு பை. எந்த ஆட்டின் மயிர் என்று யாருக்குத் தெரியப்போகிறது? மழைக்குள் நிற்பவள் நானல்லவா?

சுஜாந்தி


தில்லையடி
17 ஓகஸ்ட் 2025

சுஜாந்தி,

யாருக்குத் தெரியும் என்கிறாய். எனக்குத் தெரியும், ஸியாத்துக்குத் தெரியும், மௌலவிக்குத் தெரியும். நான் எழுதித் தொலைத்ததால் உனக்கும் தெரியும். உன்மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். நீ நனைவதை நினைத்தால் மனசு கிடந்து தவிக்கிறது, அதுவும் உண்மை.

பையை இந்தப் பொதியில் வைத்திருக்கிறேன். இது உனக்கு. சந்தைக்கும் இல்லை, இங்ரிட்டுக்கும் இல்லை. நீ விற்றால் இங்கிருந்து நான் தடுக்கவா முடியும்? விற்றால் எனக்குச் சொல்லாதே. அதன்பிறகு கம்பளியை மட்டும் அனுப்பு, கடிதம் வேண்டாம்.

இல்மா


பேர்கன்
5 செப்டெம்பர் 2025

பிரியமுள்ள இல்மா,

பொதி செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அன்றைக்கே இங்ரிட்டின் கடைக்குப் புறப்பட்டேன். விற்கத்தான் போனேன், உன்னிடம் ஏன் மறைப்பான்? ஒரு கையில் குடை, மறு கையில் மரக்கறி. அதனால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். வார் அளவாக இருந்தது, பை சரியாக என் இடுப்பில் வந்து நின்றது. இத்தனை வருடம் என்னைக் காணாதவள், எப்படியடி அளந்தாய்?

"கழற்றித் தா, பார்ப்போம்" என்றாள் இங்ரிட். எனக்குக் கழற்ற மனம் வரவில்லை. இது என்னுடையது, விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதேன். அவள் கடை இனி நமக்கில்லை. நாளைக்கும் சந்தையில்தான் நிற்பேன்.

உன் பைகளை எத்தனையோ பேரின் தோளில் மாட்டி அழகு பார்த்திருக்கிறேன். அழுக்குப் பட்டால் விலை போகாதென்று ஒன்றைக்கூட நான் போட்டதில்லை. நனைந்தால் இது ஆட்டு மணம் மணக்கிறது, இல்மா. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுஷன் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டார். நான் அதை மடியில் வைத்து, வீடு வரைக்கும் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

உன் சுஜாந்தி