விமலைத் தேடிய கணக்கு

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்றைக்கும் அதே புகார். தோளிலிருந்து பையை இறக்கக்கூட இல்லை, லோகநாயகி அக்கா கூப்பிட்டுத் தன் திரையைக் காட்டினார். ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. "இன்னா ருக்கு இது? நான் பேர அடிச்சி முடிக்கறதுக்குள்ள அந்த ஆளே எழுந்து போயிடறாரு."

எங்கள் மீனவர் சங்க அலுவலகத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சர்வர். மேசைகளில் இருப்பது வெறும் திரையும் கீபோர்டும்தான். படகுப் பதிவு, மீனவர் அட்டை, விடியற்காலையில் குப்பம் குப்பமாகப் போன்களுக்குப் போகும் காற்று எச்சரிக்கை எல்லாமே உள்ளறையில் இருக்கும் அந்த ஒரு பெட்டியில்தான் ஓடுகின்றன. அதைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடலை ஒட்டிய ஏரியின் காற்றிலுள்ள உப்பு, விசிறியில் பொருக்காகப் படிந்திருந்தது. துடைத்து மாட்டினேன். கொஞ்சம் வேகம் வந்த மாதிரி இருந்தது. ஆசைக்குத் தோன்றியதோ என்னவோ.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

விசிறி இல்லை காரணம்.

ஆகஸ்ட் 14, புதன்

டிஸ்க்கில் இடம் இருக்கிறது. வைரஸ் இல்லை. வயர்கள் சரி. கடைசியாகத்தான், சர்வரின் சக்தியை யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று பார்த்தேன். முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீபன் அண்ணா.

வரைபடப் பிரிவில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காருகிறவர். அவருடைய தம்பி விமல் போன மாதம் கடலுக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை. கூடப் போகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று தனியாகப் போயிருக்கிறான். "எஞ்சின் நின்னு போச்சுணா, காத்து வெளியே தள்ளுது" என்று அண்ணனுக்குப் போன் செய்தான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒன்றுமில்லை. தேடிய படகுகளும் தேடுவதை நிறுத்திவிட்டன.

"இன்னா ஆச்சு, கண்டுபுடிச்சியா?" என்று செயலாளர் சிங்காரம் சார் கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

டீ குடிக்க எல்லோரும் வெளியே போனபோது ஸ்டீபன் அண்ணாவிடம் கேட்டேன். மறைக்கவில்லை. நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தார்.

எஞ்சின் நின்ற படகு காற்றிலும் நீரோட்டத்திலும் எங்கே போகும் என்று கணக்குப் போடுகிற ப்ரோக்ராம். அவரே எழுதியது. விமல் போன் செய்த இடத்திலிருந்து ஒரு புள்ளி கிளம்புகிறது. வடகிழக்கே போகிறது. மறுநாள் ராத்திரி, அந்தச் சின்ன ஃபைபர் படகு தாங்காத அலைகளுக்குள் நுழைகிறது. அங்கே புள்ளி சிவப்பாகி நின்றுவிடுகிறது.

"எத்தினி வாட்டி போட்டாலும் அங்கயே போயி நிக்குது. எங்கயோ தப்பு பண்ணிருக்கேன் ருக்கு. காத்து கணக்கு தப்பா இருக்கலாம். அவன் சொன்ன எடம் கொஞ்சம் தள்ளி இருக்கலாம். அதான் ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி ஓட்டறேன்."

ஆயிரக்கணக்கான விமல்கள் ஒரே நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் மிதந்துகொண்டிருக்கிறார்கள். அதனால்தான் லோகநாயகி அக்காவின் எழுத்துகள் வர மறுக்கின்றன.

நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. மற்றவர்கள் எடுத்தது போக மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி அவருடைய வேலையை வரிசையில் பின்னால் தள்ளிவைத்தேன். "இதுக்கு மேல ஏத்தாதீங்கண்ணா" என்றேன். தலையாட்டினார்.

ஆகஸ்ட் 21, புதன்

ஸ்டீபன் அண்ணா இடத்தில் இல்லை. அவருடைய மேசைப் போன் அடித்தது, எடுத்தேன். விமலின் மனைவி கிறிஸ்டினா. "அக்கா, இன்னிக்கு கம்ப்யூட்டர் இன்னா சொல்லுது?" தினமும் கேட்கிறாளாம். "ஓடிட்டு இருக்கும்மா" என்றேன். "ஓடட்டும்க்கா, ஓடட்டும்" என்று வைத்துவிட்டாள்.

அவளிடம் சிவப்புப் புள்ளியைப் பற்றி அவர் சொல்லவே இல்லை.

ஆகஸ்ட் 28, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

விடிவதற்கு முன் போக வேண்டிய எச்சரிக்கை விடிந்து நெடுநேரம் கழித்துத்தான் போயிருக்கிறது. பலத்த மேற்குக் காற்று வரும், போகாதீர்கள் என்று லோகநாயகி அக்கா நேரத்துக்குப் பேசிப் பதிவு செய்துவிட்டார். ஆனால் அது சர்வரில் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் ஒரு குப்பத்துப் படகுகள் இறங்கிவிட்டன. முகத்துவாரத்தில் ஒரு படகு கவிழ்ந்தது. உயிர்ச் சேதம் இல்லை. கரையிலிருந்தவர்கள் நீந்திப் போய் இழுத்து வந்தார்கள். ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்து பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

பார்த்தேன். ஸ்டீபன் அண்ணா மேலும் கணக்குகளை ஏற்றியிருக்கிறார். வரிசையில் பின்னால் நின்றபடியே நினைவகம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கிறது அவருடைய கணக்கு. அதற்கு ஒரு வரம்பு நான் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஏன் போடல? பாவம்னு பாத்தேன். பாவம் பாக்கறதா என் வேலை?

ஆகஸ்ட் 29, வியாழன்

சிங்காரம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். "விமல நானும் தூக்கி வளத்தவன்தான்மா. ஆனா கடல்ல உசுரோட இருக்கறவங்கள பாக்கணுமே நாம" என்றார்.

ஸ்டீபன் அண்ணாவிடம் போய் நின்றேன். "நீங்களே நிறுத்திடுங்கண்ணா. நான் பண்ண வேணாம்."

"என்னால முடியாது. நிறுத்துனா அவன நானே உட்டுட்ட மாதிரி."

நான்தான் நிறுத்தினேன். ஒரு கட்டளை, ஒரு பட்டன். அவர் திரையில் எல்லாப் புள்ளிகளும் ஒரே சமயத்தில் மறைந்தன. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

செப்டம்பர் 2, திங்கள்

எல்லோருக்கும் வேகமாக வேலை நடக்கிறது. ஸ்டீபன் அண்ணா லீவு.

செப்டம்பர் 5, வியாழன்

வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் வைத்த டீ மேசையிலேயே ஆறிப்போயிற்று.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் அலுவலக வாசலில் பெண்கள் கூட்டம். நேற்றுப் போன பூவரசனும் அவன் மச்சானும் திரும்பவில்லை. எஞ்சின் நின்றுவிட்டது என்று ஒரு போன், பிறகு தொடர்பு இல்லை. அதே வார்த்தை.

காவல் படகுக்காரர்கள் எந்தப் பக்கம் தேடுவது என்று சிங்காரம் சாரிடம் போனில் கேட்கிறார்கள். யாரும் ஸ்டீபன் அண்ணாவைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று இருந்தோம். அவரே எழுந்து என் மேசைக்கு வந்தார். இத்தனை நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"ருக்கு, எனக்கு மெஷின் வேணும். முழுசா வேணும்."

நான் சொல்வதற்கு முன்பே லோகநாயகி அக்கா தன் வேலையை மூடிவிட்டு எழுந்தார். "எல்லாரும் வெளிய வாங்கபா, அவரு போடட்டும்." ஒவ்வொரு திரையாக இருண்டது. சிங்காரம் சாரும் தன்னுடையதை அணைத்தார். எச்சரிக்கை அனுப்புவதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்திக் கொடுத்தேன்.

முன்பெல்லாம் நாள் முழுக்க ஓடிய கணக்கு, பெண்கள் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே முடிந்தது. கடல் வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம். ஸ்டீபன் அண்ணா அந்த இடத்தைக் காவல் படகுக்காரர்களுக்குப் போனில் படித்துச் சொன்னார். குரல் பிசகவில்லை.

செப்டம்பர் 11, புதன்

கிடைத்துவிட்டார்கள். இரண்டு பேரும் உயிரோடு. வட்டத்துக்குள்ளேயே, ஆந்திரப் பக்கக் கடலில்.

அலுவலகமே கரைக்கு ஓடியது. அழுகை, சிரிப்பு, பூவரசனின் அம்மா மணலில் விழுந்து கும்பிட்டது எல்லாம் பார்த்தேன். ஸ்டீபன் அண்ணா அங்கே இல்லை. திரும்பி வந்தேன். காலியான அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, வாங்க. பூவரசன் உங்களத்தான் கேக்கறான்."

"கணக்கு சரியாத்தான் வந்துச்சி இல்ல?"

"சரியா வந்துச்சிண்ணா. அவங்கள கண்டுபுடிச்ச எடம் அதேதான்."

"எதுவும் மாத்தல ருக்கு. விமலுக்கு மொதல்ல போட்டேனே, அதேதான். காத்தும் அதே கணக்கு, படகும் அதே மாதிரி படகு." கீபோர்டைத் தள்ளிவைத்தார். "அப்போ அவனுக்கு சொன்னதும் சரிதான்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். கரையிலிருந்து பட்டாசுச் சத்தம் கேட்டபடி இருந்தது.

போகும்போது, "நைனாவுக்கு நான் சொல்லிடுவேன். கிறிஸ்டினாகிட்ட எப்டி சொல்றது?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டாரா, தெரியவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

விமலுக்காகக் கோயிலில் பூசை. பெட்டி இல்லை, உடல் இல்லை. ஒரு போட்டோவும் இரண்டு மெழுகுவர்த்தியும். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பூவரசன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்தபடி நின்றான்.

தொடங்குவதற்கு முன் ஃபாதர் பக்கத்தில் வந்து, இறந்த தேதி என்ன என்று மெல்லக் கேட்டார். அவர்கள் நைனா மகனின் போட்டோவை நேராக வைத்தார். "கடலுக்குப் போன தேதியையே போட்டுக்கலாமா?" என்று ஃபாதர் கேட்டார்.

"இல்ல ஃபாதர்," என்றார் ஸ்டீபன் அண்ணா. "அதுக்கு மறுநாள். ராத்திரி."

கிறிஸ்டினா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலிட்டாள்.